ஹெடர் ஃபைல்களுக்குள் ஒரு பெயரைத் தேடுவது எப்படி?

சி மொழியில் எழுதிப் பழக ஆரம்பித்த எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். புரோகிராமில் ஸ்ட்ர்டப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்பீர்கள். ஒரு சரத்தைப் பிரதி எடுத்து, புதிய நினைவக இடத்தில் வைத்து, அதன் முகவரியைத் தருகிற ஃபங்ஷன் அது. ஸ்ட்ரிங்.எச் ஹெடரையும் ஒழுங்காகச் சேர்த்திருப்பீர்கள். ஆனாலும் கம்பைலர், "இப்படி ஒன்று அறிவிக்கப்படவே இல்லை" என்று சொல்லும். ஹெடரைத் திறந்து பார்த்தால் ஸ்ட்ர்டப் அதில் கண்ணெதிரே இருக்கும்.

இது எனக்கு நடந்தது. அப்போதைய கம்பைலர் இதைப் பிழையாகச் சொல்லாமல் வெறும் எச்சரிக்கையாகச் சொன்னது. நான் அதைக் கடந்து போனேன். 32 பிட் கணினியில் நன்றாக ஓடிய அந்தப் புரோகிராம் 64 பிட் கணினிக்குப் போனதும் முதல் நிமிடமே விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகள், ஆப்ஷன்கள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு எதற்கு?

ப்ரின்ட்எஃப் போன்ற ஒரு ஃபங்ஷனின் உண்மையான வேலை சி நூலகத்துக்குள், ஏற்கெனவே கம்பைல் ஆகித் தயாராக இருக்கிறது. நம்முடைய கோப்பைக் கம்பைல் செய்யும்போது கம்பைலர் அந்த நூலகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்குத் தேவை ஒரே ஒரு வரிதான்: பெயர் என்ன, என்னென்ன வாங்கும், என்ன திருப்பித் தரும். அந்த வரிதான் அறிவிப்பு. அறிவிப்புகளைத் தொகுத்து வைத்த கோப்புதான் ஹெடர்.

அறிவிப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? பழைய சி விதிப்படி, தெரியாத ஃபங்ஷன் இன்ட் ஒன்றைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாக வைத்துக்கொள்ளும். 32 பிட் கணினியில் இன்ட் 4 பைட், முகவரியும் 4 பைட். அதனால் தப்பித்துவிடலாம். 64 பிட்டில் இன்ட் அதே 4 பைட்தான், முகவரியோ 8 பைட். ஸ்ட்ர்டப் தந்த முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். மீதிப் பாதியை வைத்து நினைவகத்தைத் தொட்டால் புரோகிராம் விழாமல் என்ன செய்யும்? 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே இந்த ஊகத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் நெடுங்காலம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. 2023-இல் வந்த கிளாங் 16, 2024-இல் வந்த ஜிசிசி 14 ஆகிய கம்பைலர்களிலிருந்துதான் இது நேரடிப் பிழை ஆனது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது நல்ல காலம்.

முதலில் மேனுவல், அப்புறம் தேடல்

எந்த ஃபங்ஷன் எந்த ஹெடரில் என்று தெரியாவிட்டால் முதலில் செய்ய வேண்டியது மேன் கட்டளை. கெர்னல் அழைப்புகளுக்கு 2-ஆம் பிரிவு, நூலக ஃபங்ஷன்களுக்கு 3-ஆம் பிரிவு. "மேன் 3 ஸ்ட்ர்டப்" என்றால் பக்கத்தின் உச்சியிலேயே எந்த ஹெடர், எந்த வடிவம் என்று இருக்கும். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் ஒரு வகையின் உண்மையான அளவு, ஒரு மாறிலியின் மதிப்பு, ஒரு பெயர் உங்கள் கணினியில் எந்த நிபந்தனைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் வேண்டுமென்றால் ஹெடருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஹெடர்கள் எங்கே இருக்கின்றன?

லினக்ஸில் பெரும்பாலானவை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்ற டைரக்டரியில் இருக்கின்றன. எல்லாம் அங்கே இல்லை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் அதற்குள்ளேயே கணினியின் வகையைப் பெயராகக் கொண்ட இன்னொரு டைரக்டரி உண்டு. பிட்ஸ், ஏஎஸ்எம் போன்ற டைரக்டரிகள் அதில் இருக்கும். நீங்களே கம்பைல் செய்து நிறுவியவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் பக்கம் போகும். இது தவிர ஜிசிசி தனக்கென்று சில ஹெடர்களை /யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி என்பதற்குள் வைத்திருக்கிறது. சைஸ்_டி என்ற வகை எங்கே என்று /யூஎஸ்ஆர்/இன்க்ளூடுக்குள் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். சி மொழிக்கான அதன் வரையறை இருப்பது ஜிசிசி-யின் சொந்த எஸ்டிடிடெஃப்.எச் கோப்பில்.

மேக் கணினியில் 2018-இல் வந்த மோஹாவே முதல் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் தானாக வருவதில்லை. எக்ஸ்சிரன் கட்டளைக்கு ஷோ-எஸ்டிகே-பாத் என்ற ஆப்ஷன் கொடுத்தால் ஹெடர்கள் இருக்கும் இடத்தின் வேரைக் காட்டும்.

இடத்தை ஊகிப்பதைவிடக் கம்பைலரிடமே கேட்பது மேல். ஜிசிசி-க்கு பெரிய இ, சிறிய வி, அப்புறம் "-எக்ஸ் சி" ஆகியவற்றோடு /டெவ்/நல் என்ற வெற்றுக் கோப்பைக் கொடுங்கள். தான் எந்தெந்த டைரக்டரியில், எந்த வரிசையில் தேடுகிறது என்று அது பட்டியலாகச் சொல்லும். தேடலை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

கிரெப்: கை கொடுக்கும் இடமும் கை விரிக்கும் இடமும்

கோப்புகளுக்குள் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளை 1973-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதியது. ஈடி என்ற பழைய எடிட்டரில் "கோப்பு முழுக்க இந்த வடிவத்தைத் தேடி அச்சிடு" என்பதற்கான கட்டளை ஜி/ஆர்இ/பி என்று இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது. நம் வேலைக்கு இப்படி:

கிரெப் -ஆர்என்டபிள்யூ ஓபன் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்

ஆர் என்பது உள் டைரக்டரிகளுக்குள்ளும் போகச் சொல்கிறது. என் வரி எண்ணைக் காட்டும். டபிள்யூ-தான் முக்கியம், முழுச் சொல்லாக வந்தால் மட்டும் எடு என்று அர்த்தம். அது இல்லாமல் ஓபன் என்று தேடினால் ஓபன்64, ஃப்ஓபன், ரீஓபன் என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். கிரெப்புக்கு அடிக்கோடும் எழுத்துக் கணக்குதான். அதனால் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட உள்பயன்பாட்டுப் பெயர்களும் டபிள்யூ போட்டால் விலகிவிடும்.

சின்ன ஆர் வழியில் வரும் சிம்லிங்க்குகளை, அதாவது வேறொரு கோப்பையோ டைரக்டரியையோ சுட்டும் இணைப்புகளை, பின்தொடராது, பெரிய ஆர் பின்தொடரும். எதிர்பார்த்த கோப்பு தேடலில் வரவில்லை என்றால் பெரிய ஆர் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, புள்ளி எச் என்று முடிகிற கோப்புகளை மட்டும் தேடு என்று கட்டுப்படுத்தினால் சி++ ஹெடர்கள் விட்டுப்போகும். ஐஓஸ்ட்ரீம் போன்றவற்றுக்குப் பின்னொட்டே கிடையாது.

அடுத்து, புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடைவெளி. ப்ரின்ட்எஃப் என்று எழுதி உடனே அடைப்புக்குறி திறந்து, அந்த வடிவத்தைத் தேடுவார்கள். ஒன்றும் வராது. ஏனென்றால் லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் எழுத்து முறைப்படி பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுவார்கள். ஆகவே வடிவத்தில் "இடைவெளி எத்தனை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி" என்று எழுத வேண்டும். இடைவெளிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும்.

நீளமான அறிவிப்புகள் இரண்டு மூன்று வரிக்கு ஓடும். மெம்சிபிஒய் அப்படித்தான், மூன்றாவது அளவுரு அடுத்த வரியில் இருக்கும். கிரெப்புக்கு "-ஏ 3" கொடுத்தால் பொருந்திய வரிக்குப் பிறகு மூன்று வரியையும் சேர்த்துக் காட்டும்.

இதுவரை சரி. இப்போது எஸ்கியூஆர்டி-யைத் தேடிப் பாருங்கள். வர்க்கமூலம் காணும் அந்த ஃபங்ஷன் டபுள் வாங்கி டபுள் தரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் மேத்.எச்-இல் "டபுள் எஸ்கியூஆர்டி" என்று ஒரு வரியும் இல்லை. பிட்ஸ் டைரக்டரியில் மேத்கால்ஸ்.எச் என்ற கோப்பில் மட்டும் ஒரு விநோதமான வரி இருக்கும். மேத்கால் என்ற மேக்ரோ (கம்பைலுக்கு முன் வேறு எழுத்தாக விரிக்கப்படும் பெயர்), அடைப்புக்குறிக்குள் எஸ்கியூஆர்டி, இரண்டு காற்புள்ளி, அப்புறம் எம்டபுள் என்ற வகையில் ஓர் அளவுரு. அவ்வளவுதான். ஃப்ளோட்டுக்கான எஸ்கியூஆர்டிஎஃப் என்ற பெயரையோ அந்தக் கோப்பில் தனிச் சொல்லாகக் காணவே முடியாது.

நடப்பது இதுதான். மேத்.எச் அந்த ஒரே கோப்பை டபுளுக்கு ஒரு முறை, ஃப்ளோட்டுக்கு ஒரு முறை, லாங் டபுளுக்கு ஒரு முறை சேர்க்கிறது. புதிய ஜிலிப்சி-யில் இன்னும் சில வகைகளுக்கும் சேர்க்கிறது. ஒவ்வொரு முறையும் எம்டபுள் என்பதன் அர்த்தத்தை மாற்றிவிட்டு, பெயரின் வாலில் எஃப் அல்லது எல் ஒட்டிவிடுகிறது. ஒரே அச்சில் பல வார்ப்பு. எழுதுபவர்களுக்கு வேலை குறைகிறது. தேடுகிறவர் கையில் கிடைப்பதோ அச்சு மட்டும்தான்.

பிஐடி_டி இன்னொரு விதம். ஒரு புராசஸின் எண்ணை வைத்துக்கொள்ளும் வகை அது. கிரெப் போட்டால் சிஸ்/டைப்ஸ்.எச்-இல் "டைப்டெஃப்" என்று ஆரம்பித்து, இரட்டை அடிக்கோடு போட்ட பிஐடி_டி-தான் பிஐடி_டி என்று இருக்கும். சரி, அது என்ன? பிட்ஸ்/டைப்ஸ்.எச்-க்குப் போக வேண்டும். அங்கே பிஐடி_டி_டைப் என்ற மேக்ரோவைக் கைகாட்டும். அது பிட்ஸ்/டைப்சைசஸ்.எச்-இல் எஸ்32_டைப் என்று இருக்கும். திரும்பவும் பிட்ஸ்/டைப்ஸ்.எச்-க்கு வந்தால் எஸ்32_டைப் என்பது இன்ட். நான்கு முறை கதவைத் தட்டி, கிடைத்தது இன்ட் என்ற மூன்றெழுத்துச் சொல். இது வீண் சுற்று இல்லை. ஜிலிப்சி பல வகைக் கணினிகளில் ஓட வேண்டும். அளவுகள் மாறும் இடத்தை ஒரே கோப்பில் ஒதுக்கி வைத்தால்தான் மற்ற கோப்புகளைத் தொடாமல் இருக்கலாம். அல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் நூலகம் வேறு வழியில் போகிறது. அதன் மேத்.எச்-ஐத் திறந்தால் எஸ்கியூஆர்டி, எஸ்கியூஆர்டிஎஃப் இரண்டும் பாடப்புத்தகத்தில் இருப்பதைப்போல வரிசையாக எழுதியிருக்கும். படித்துப் பழக எனக்கு அதுதான் பிடிக்கும்.

கம்பைலர் பார்ப்பதை நாமும் பார்ப்பது

கிரெப் தேடுவது ஹெடரின் எழுத்துகளை. கம்பைலர் பார்ப்பதோ வேறு ஒன்றை. நடுவில் பிரீப்ராசஸர் என்ற கட்டம் இருக்கிறது. அது ஹெடர்களை ஒன்றாகச் சேர்த்து, மேக்ரோக்களை விரித்து, நிபந்தனை பொருந்தாத பகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் கம்பைலரிடம் கொடுக்கிறது. தேட வேண்டியது அந்த மிச்சத்தில்.

இதற்கு ஜிசிசி-யின் பெரிய இ ஆப்ஷன் போதும். மேத்.எச்-ஐச் சேர்க்கும் ஒரே ஒரு வரியை எக்கோ மூலம் எழுதி, பைப் வழியாக ஜிசிசி-க்கு அனுப்புங்கள். "-எக்ஸ் சி" என்று கொடுத்தால் உள்ளீடு சி மொழி என்று புரிந்துகொள்ளும். கடைசியில் ஒரு ஒற்றைக் கோடு போட்டால் கோப்புக்குப் பதிலாக உள்ளீட்டிலிருந்து படிக்கும். வருவதை கிரெப்புக்கு அனுப்பி எஸ்கியூஆர்டி-யைத் தேடுங்கள். இந்த முறை "எக்ஸ்டர்ன் டபுள் எஸ்கியூஆர்டி" என்று முழு அறிவிப்பும் கிடைக்கும். எஸ்கியூஆர்டிஎஃப்-உம் கிடைக்கும். பிஐடி_டி-க்கும் இதையே செய்து பாருங்கள். நான்கு கதவு தட்டியது இரண்டே வரியில், இன்ட் என்ற பதிலோடு வரும்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அறிவிப்பு கிடைத்தது, ஆனால் எந்தக் கோப்பிலிருந்து வந்தது? அதற்கான விடையும் அந்த வெளியீட்டிலேயே இருக்கிறது. நடுநடுவே எண் குறி, ஒரு எண், மேற்கோளுக்குள் ஒரு கோப்பின் பாதை, கடைசியில் ஒன்றிரண்டு எண்கள் என்று சில வரிகள் வரும். "இதற்கு அடுத்த வரி, இந்தக் கோப்பின் இத்தனையாவது வரி" என்று பிரீப்ராசஸர் விட்டுச்செல்லும் அடையாளம் அது. கடைசி எண்களில் 1 என்றால் புதிய கோப்புக்குள் நுழைகிறது, 2 என்றால் பழைய கோப்புக்குத் திரும்புகிறது, 3 என்றால் அது சிஸ்டம் ஹெடர்.

வரி வரியாகப் படித்து விதிப்படி வேலை செய்யும் ஆக் என்ற கருவிக்கு இது தோதான வேலை. மூன்றே விதி. வரி அந்த அடையாள வடிவில் ஆரம்பித்தால், இரண்டாவது புலத்தை வரி எண்ணாகவும் மூன்றாவது புலத்தைக் கோப்புப் பெயராகவும் ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போ. வேறு வரியாக இருந்து, நாம் தேடும் பெயர் அதில் இருந்தால் கோப்பு, வரி எண், அந்த வரி மூன்றையும் அச்சிடு. அப்புறம் எந்த வரியாக இருந்தாலும் வரி எண்ணை ஒன்று கூட்டு.

இதை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக்கி, முதல் அளவுரு ஹெடர், இரண்டாவது அளவுரு தேடும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஆக் நிரலை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவோம். அதற்குள் ஷெல் மாறி விரியாது. தேடும் பெயரை ஆக்கின் சின்ன வி ஆப்ஷன் மூலம்தான் உள்ளே அனுப்ப வேண்டும். இரண்டாவது, முழுச் சொல் பொருத்தம். குனு ஆக்கில் சொல்லின் எல்லைக்கென்று தனிக் குறிகள் உண்டு. ஆனால் டெபியனிலும் உபுண்டுவிலும் முன்னிருப்பாக இருப்பது எம்ஆக் என்ற வேறொரு ஆக், அதில் அவை வேலை செய்யாது. ஆகவே பெயருக்கு முன்னால் "வரியின் தொடக்கம், அல்லது எழுத்தோ எண்ணோ அடிக்கோடோ அல்லாத ஏதாவது ஒன்று" என்றும், பின்னால் "அப்படிப்பட்ட ஒன்று, அல்லது வரியின் முடிவு" என்றும் நாமே எழுதிவிடுவது பாதுகாப்பானது. எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் ஓடும்.

எந்த ஹெடர் என்றே தெரியாத பெயராக இருந்தால் கிரெப்பும் இதுவும் சேர்ந்து வேலை செய்யட்டும். கிரெப்புக்குச் சின்ன எல் கொடுத்தால் வரிகளை விட்டுவிட்டுக் கோப்புப் பெயர்களை மட்டும் தரும். ஒயில்-ரீட் சுழற்சி ஒன்றில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நம் ஸ்கிரிப்டிடம் கொடுத்தால் போதும். பிட்ஸ் டைரக்டரிக் கோப்புகள் வரும்போது கம்பைலர் பிழை காட்டும், பயப்பட வேண்டாம். "இதை நேரடியாகச் சேர்க்காதே, அதற்குப் பதில் இந்த ஹெடரைச் சேர்" என்று ஜிலிப்சி ஆட்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேத்கால்ஸ்.எச்-ஐச் சேர்க்கப் பார்த்தால் மேத்.எச்-ஐக் கைகாட்டும். நாம் தேடிய ஹெடர் அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது.

மேக்ரோக்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. விரிந்த பிறகு அவற்றின் பெயர் மிஞ்சாது அல்லவா? அதற்கு ஜிசிசி-க்குப் பெரிய இ-யோடு "-டிஎம்" சேருங்கள், டி சிறியது, எம் பெரியது. உயிரோடு இருக்கும் எல்லா மேக்ரோவும் பட்டியலாக வரும். எர்னோ.எச்-ஐக் கொடுத்து இஏகெயின் என்று தேடினால் 11 என்று வரும். கிரெப் வழியில் போயிருந்தால் எர்னோ.எச்-இலிருந்து ஏஎஸ்எம்-ஜெனரிக் டைரக்டரியின் எர்னோ-பேஸ்.எச் வரை நடந்திருப்பீர்கள். எஃப்சிஎன்டிஎல்.எச்-இல் ஓ_கிரியேட் தேடினால் 0100 என்று வரும். முன்னால் பூஜ்யம் இருப்பதால் அது எண்ம எண், நம் கணக்கில் 64. இதை நூறு என்று வாசித்துவிடாதீர்கள்.

மீண்டும் ஸ்ட்ர்டப்

இப்போது அந்தப் பழைய சிக்கலுக்கு வருவோம். நம் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். முதல் இரண்டு அளவுருவுக்குப் பிறகு என்ன கொடுத்தாலும் அதை அப்படியே ஜிசிசி-க்கு அனுப்பட்டும். ஷிஃப்ட் 2 போட்டுவிட்டு, மிச்சத்தை இரட்டை மேற்கோளுக்குள் டாலர்-அட் என்று வைத்தால் போதும். உங்கள் மேக்ஃபைலில் (புரோகிராமை எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதி வைக்கும் கோப்பு) என்ன ஆப்ஷன் இருக்கிறதோ அதே ஆப்ஷனோடு தேட வேண்டும் என்பதற்காக இது.

என் மேக்ஃபைலில் "எஸ்டிடி=சி99" என்று இருந்தது. வெறும் ஸ்கிரிப்டை ஸ்ட்ரிங்.எச், ஸ்ட்ர்டப் என்று ஓட்டினால் அறிவிப்பு வந்தது. அந்த ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால் ஒரு வரிகூட வரவில்லை. ஸ்ட்ரிங்.எச்-ஐத் திறந்து ஸ்ட்ர்டப்புக்குச் சற்று மேலே பார்த்தால் ஒரு நிபந்தனை இருக்கிறது. எக்ஸ்ஓபன், போசிக்ஸ் 2008 (யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரநிலைகள்) போன்றவற்றின் வசதிகள் கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பகுதி உயிரோடு இருக்கும். 1999 தரநிலையில் ஸ்ட்ர்டப் கிடையாது. கறாராக அந்தத் தரநிலை மட்டும் போதும் என்று நான் கேட்டேன், அது சொன்னபடி செய்தது. கிரெப் காட்டிய வரி கோப்பில் இருந்தது உண்மை. ஆனால் கம்பைலரின் கைக்கு அது போய்ச் சேரவே இல்லை.

தீர்வு இரண்டு. 1999 தரநிலையோடு கூடுதல் வசதிகளையும் தரும் "எஸ்டிடி=குனு99" என்று மாற்றலாம். அல்லது போசிக்ஸ்_சி_சோர்ஸ் என்ற மேக்ரோவை, முன்னால் ஓர் அடிக்கோட்டோடு, 200809எல் என்ற மதிப்புக்கு வரையறுக்கலாம். இரண்டாவதைத்தான் நான் செய்தேன். ஸ்கிரிப்டுக்கு "-டி" மூலம் அந்த வரையறையைக் கொடுத்து ஓட்டினேன். சி99 இருக்கும்போதே ஸ்ட்ர்டப் வந்து நின்றது, பக்கத்தில் ஸ்ட்ரிங்.எச் என்ற பெயரோடும் வரி எண்ணோடும். அப்புறம் அதே வரையறையை என் கோப்பின் முதல் வரியாக, எல்லா ஹெடருக்கும் மேலே எழுதினேன். ஒரு ஹெடருக்குக் கீழே எழுதினால் பலன் இல்லை. ஃபீச்சர்ஸ்.எச் என்ற கோப்பு முதல் ஹெடரோடு உள்ளே வந்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிடும். அதன் பிறகு அது மறுபடி கேட்பதில்லை.